துரையும் துரைத்தனமும்

துரை என்றால் வெள்ளைக்காரன் என்று பொருள் எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கும்பினி அதிகாரிகளுக்காகவே பிறந்த சொல் அது என்றும், உடையார்பாளையம், அரியலூர் போன்ற இடங்களில் இருந்த ஜமீன்தார்கள் வெள்ளையரைப் பார்த்து ஆசைப்பட்டு அந்தப் பட்டத்தைத் தங்களுக்கும் சூட்டிக்கொண்டார்கள் என்றும் ஊர் வரலாறுகளில் கூசாமல் எழுதப்படுகிறது. இது காலவரிசையையே தலைகீழாக்கும் கூற்று. கயத்தாற்றில் 1799இல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனை நாட்டுப்புறக் கதைப்பாடல் கட்டபொம்மு துரை என்கிறது. அவனுக்குப் பிறகு போரைத் தொடர்ந்து 1801இல் தூக்குமேடை ஏறிய தம்பியை உலகம் அறிந்ததே ஊமைத்துரை என்ற பெயரால்தான். அவர்களை எதிர்த்து நின்ற கலெக்டரும் மக்கள் வாயில் ஜாக்சன் துரை. பகைவர் இருவருக்கும் ஒரே பட்டம் வழங்கியிருக்கிறது. வெள்ளையனோடு வாளெடுத்துப் பொருதவன், வெள்ளையனுக்கு மட்டுமே உரிய பெயரைத் தன் பெயராகச் சுமந்து திரிந்தான் என்பதை யார் ஒப்புவார்? வெள்ளைத்துரை, சீமைத்துரை என்ற தொடர்களும் இதையே சொல்கின்றன. துரை என்ற அளவிலேயே வெள்ளையன் என்ற பொருள் இருந்திருந்தால் முன்னே வெள்ளை என்று ஓர் அடை சேர்க்க வேண்டிய தேவையே எழுந்திராது. கறுத்த துரைகள் முன்னமே இருந்ததால்தான் வெளுத்த துரையைப் பிரித்துச் சொல்ல நேர்ந்தது.

இன்னொரு சாரார் துறையிலிருந்து துரையைப் பிறப்பிக்கிறார்கள். ஒரு துறைக்குத் தலைவன் துரை என்பது அவர்கள் விளக்கம். இதற்குச் சான்றாகப் பெரம்பலூரை ஒட்டிய துறைமங்கலத்தையும், மேற்கே பச்சைமலைச் சாரலில் உள்ள துறையூரையும் இழுக்கிறார்கள். துறையூரில் ரெட்டியார் ஜமீன் இருந்தது, துறைமங்கலத்தில் சிவப்பிரகாசரை ஆதரித்த அண்ணாமலை ரெட்டியார் இருந்தார். ஆகவே இவை துரைகள் வாழ்ந்த ஊர்கள் என்று முடிபு கட்டுகிறார்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் ரகரமும் றகரமும் ஒன்றாகிப் போகும். தமிழில் எழுதுகிறவருக்கு அந்த மயக்கம் வரலாமா? நீர்த்துறையின் பெயரால் ஊர் அமைவது தமிழ் மரபு. துறைமங்கலம் என்ற பெயரில் மங்கலம் என்ற பழைய ஊர்ப்பெயர் ஈறு கிடக்கிறது. அதன் முன்னே நிற்பதும் பழைய சொல்லாகவே இருக்க வேண்டும். இந்த இரண்டு சொற்களும் வேறு என்பதைக் கன்னடம் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிவிடுகிறது. அங்கே ஆறு, ஓடை என்ற பொருளில் வரும் தொறெ பழைய எழுத்தில் வல்லின றகரம் உடையது. அரசன் என்ற பொருளில் வரும் தொரெ இடையின ரகரம் உடையது. தெலுங்கிலும் துறையைக் குறிக்கும் றேவு பழைய எழுத்தில் றகரத்தோடு நிற்க, தலைவனைக் குறிக்கும் தொர ரகரத்தோடு நிற்கிறது. மூன்று மொழிகளும் பிரித்து வைத்ததை நாம் ஒட்டவைக்க வேண்டாம்.

சொல் எப்போது வந்தது என்று அறிய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைவிட நல்ல களம் இல்லை. ஆண்டவர்களின் பெயர்கள் இங்கே அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. கீழப்பழுவூர், மேலப்பழுவூர்க் கல்வெட்டுகளில் பழுவேட்டரையர் வருகிறார்கள். அரசர் அரையராகி ஊர்த்தலைவனுக்கும் சிற்றரசனுக்கும் இறங்கிய காலம் அது. கங்கைகொண்டசோழபுரத்திலிருந்து பேரரசு நடந்தபோது அரசனுக்கும் கோயிலில் உறையும் இறைவனுக்கும் உடையார் என்பதே பெயர். அரையர் ராயராகி, ராயர் பின்னொட்டாகி, மழநாட்டுக்கு உரியவன் என்று சொல்ல மழவராயன் பிறந்தது. அரியலூர்ப் பாளையக்காரர் கடைசிவரை ஒப்பிலாத மழவராயர் என்றே பட்டம் பூண்டனர். சங்கப் பாடல்களில் வேலோடும் வில்லோடும் திரியும் மழவரின் பெயர் ஒரு ஜமீன் முத்திரை வரை வாழ்ந்தது வியப்புக்குரியது. உடையார்பாளையத்தார் பட்டமோ காலாட்கள் தோழ உடையார். இந்த ஊர்ப்பெயரை உற்றுப் பார்த்தால் இரண்டு காலம் ஒரே சொல்லில் தெரியும். உடையார் சோழர் காலத்துச் சொல். பாளையம் படை தங்கும் இடம் என்ற பொருளோடு விசயநகர, நாயக்கர் ஆட்சியில் பரவிய சொல். தெலுங்கில் பாளெமு, கன்னடத்தில் பாளெய என்று அதன் உறவினர் இருக்கிறார்கள். துரை இந்தப் பாளையத்தோடு வந்த சொல். இவ்வட்டாரத்துச் சோழர் கல்வெட்டுகளில் தலைவனுக்கு உடையார், அரையர், மூவேந்தவேளான் என்று எத்தனையோ பெயர்கள் இருந்தும் துரை தலைகாட்டவில்லை. பாளையக்காரர் காலத்தில் அது எங்கும் நிறைந்திருக்கிறது. இடையில் நிகழ்ந்தது நாயக்கர் ஆட்சி. தெலுங்கு நாட்டில் தொர என்பது வெள்ளையரோடு எந்தத் தொடர்பும் இல்லாத சொல் என்பதற்கு அங்குள்ள கொண்டதொர என்ற மலைக்குடியின் பெயரே போதும். 1946இல் தொடங்கிய தெலங்கானா விவசாயிகள் போராட்டம் எதிர்த்ததும் கிராமத்துத் தொரைகளைத்தான்.

இனி, வெள்ளையனிடம் இச்சொல் போன வழி. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் லெனுவார் போய் துய்மா வந்தார். 1742இல் துய்ப்ளே வந்தார். 1754இல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டு கொதெயோவை அனுப்பினார்கள். மறு ஆண்டே லெரி வந்துவிட்டார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை ஏறக்குறைய இந்த வரிசை முழுவதையும் காண்கிறது. அதில் துரை என்ற சொல் மலிந்து கிடக்கிறது. சென்னைக் கோட்டையிலும் இதே கதைதான். ஏல் 1687 முதல் ஐந்தாண்டு கவர்னராக இருந்தார். பிகட் இரண்டு முறை கவர்னராகி, இரண்டாம் முறை 1776இல் தம் சொந்த ஆலோசனைச் சபையாராலேயே சிறைப்பிடிக்கப்பட்டு, காவலிலேயே 1777இல் இறந்தார். பென்டிங்க் வேலூர்க் கிளர்ச்சிக்குப் பிறகு 1807இல் திருப்பி அழைக்கப்பட்டார். மன்றோ 1827இல் காலராவில் மாண்டார். உடையார்பாளையமும் அரியலூரும் புதுச்சேரிக்கும் தஞ்சைக்கும் திருச்சிக்கும் நடுவே கிடந்ததால் இந்தத் துரைகள் எல்லோருடைய படையும் இந்த வழியே போயிற்று. 1751இல் ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அருகே வாலிகண்டபுரத்துச் சமவெளியில் ஆங்கிலேயரும் அவர்கள் தாங்கிய முகமதலியின் ஆட்களும், கர்நாடக நவாப் பதவிக்கு அவரோடு போட்டியிட்ட சந்தா சாகிபின் படையிடம் பின்வாங்கினார்கள். ராபர்ட் ஆர்ம் எழுதிய போர் வரலாற்றில் உடையார்பாளையம் வாரியோர்பாலம் என்று உருக்குலைந்து நிற்பது அந்தப் போக்குவரத்தின் தழும்பு. ரஞ்சன்குடியில் கோட்டைக்கு உரியவன் கில்லேதார். அந்தப் பட்டம் கோட்டையோடு போயிற்று. மக்கள் வாயில் நிலைத்தது துரை மட்டுமே.

ஏன் அது நிலைத்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கவர்னர் என்ற புதுமையான பதவியைக் குடிகள் தங்களுக்குப் பழக்கமான இடத்தில் வைத்துப் புரிந்துகொண்டார்கள். வரி வாங்குகிறவன், படை வைத்திருக்கிறவன், வழக்குத் தீர்க்கிறவன், எதிரே போனால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியவன்: இவ்வளவும் பாளையக்காரனுக்குப் பொருந்தியது, கோட்டையில் இருந்தவனுக்கும் பொருந்தியது. ஆனால் ஒன்று பொருந்தவில்லை. பாளையத்தில் துரைக்குப் பின் துரைமகன் வருவான். அங்கே துரை என்பது குடிவழி. கோட்டைத் துரையோ கப்பலில் வந்து இறங்கி, சம்பளம் வாங்கி, ஐந்தாறு ஆண்டில் கப்பல் ஏறிப் போகிறவன். அடுத்து வருகிறவன் அவனுக்கு மகனும் அல்லன், மருமகனும் அல்லன். ஆள் மாறினாலும் ஆட்சி மாறாமல் நிற்கும் இந்தப் புதிய பொருளுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. தமிழ் வேறெங்கும் தேடிப் போகவில்லை. துரையோடு தனத்தைச் சேர்த்துத் துரைத்தனம் என்றது. ஊர்ப் பெரியவர் பொறுப்பைப் பெரியதனம் என்று சொல்லும் கிராமத்து அமைப்பே இதற்கு அச்சு. 19ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களில் அரசாங்கம் என்று இன்று எழுதும் இடத்தில் துரைத்தனத்தார் என்று வருவதைக் காண்கிறோம். ஆளைக் குறித்த சொல்லிலிருந்து ஆளில்லாத நிறுவனத்துக்குப் பெயர் கண்ட இந்த ஆக்கம், அக்காலத் தமிழின் அரசியல் அறிவுக்கு நல்ல சான்று.

சீமையும் இதே வழியில் போன சொல். எல்லை என்று தொடங்கி, எல்லைக்குள் அடங்கிய நாடு என்றாகி, சிவகங்கைச் சீமை, உடையார்பாளையம் சீமை என்று பாளையங்களுக்கு வழங்கியது. பிறகு துரையின் சொந்த நாடே சீமை ஆயிற்று, சீமையெண்ணெய் வந்தது, இன்று அரியலூர் ஏரிக்கரைகளை அடைத்து நிற்கும் கருவேலமும் சீமைக் கருவேலம் ஆயிற்று. துரை, சீமை இரண்டும் பாளையத்திலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து போன சொற்கள். வெள்ளையன் கொண்டுவந்து கொடுத்த சொற்கள் என்று இவற்றைக் கணக்கெழுதுவது, கொடுத்தவனை வாங்கினவன் ஆக்குவது.

அமெரிக்கக் குடியேற்றங்களோடு ஒப்பிட்டால் கவர்னர் இங்கே துரையான கதை இன்னும் தெளிவாகும். சென்னைக் கவர்னர் ஏல் பிறந்ததே பாஸ்டனில். யார்க்டவுனில் 1781இல் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். வர்ஜீனியாவிலும் மாசசூசெட்ஸிலும் கவர்னர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள். குடியேறியவர்கள் பேசியது கவர்னரின் மொழியையே என்பதால் அங்கே பெயர் மாற வேண்டியிருக்கவில்லை; விடுதலைக்குப் பிறகு மக்கள் தேர்ந்தெடுத்த தலைவனுக்கும் அதே பெயர் நீடிக்கிறது. இங்கே ஆண்டவன் மொழி வேறு, ஆளப்பட்டவன் மொழி வேறு. ஆகவே ஒரே பதவிக்கு மேலே கவர்னர் என்றும் கீழே துரை என்றும் இரண்டு பெயர்கள் ஓடின. 1801இல் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் கவர்னராக இருந்தபோது கர்நாடக நவாபின் நாடு கும்பினியிடம் போனது. திருச்சிராப்பள்ளிக்கு வாலஸ் கலெக்டராக வந்தார். பாளையக்காரர் கத்தியை வைத்துவிட்டுப் பேஷ்குஷ் என்ற கப்பம் கட்டும் ஜமீன்தார் ஆனார்கள். அதன்பின் துரை என்ற பெயர் கலெக்டரோடு ஒட்டிக்கொண்டது. இன்று பெரம்பலூருக்குத் தனி ஆட்சியர், 2007 முதல் அரியலூருக்குத் தனி ஆட்சியர். வந்த நாளும் போன நாளும் எழுதிய பெயர்ப்பலகை அலுவலகத்தில் நீண்டுகொண்டே போகிறது. அந்தப் பலகையில் துரை என்ற பட்டம் இல்லை. அது ஊருக்குள் சின்னதுரை, செல்லதுரை, துரைசாமி, துரைராசு என்று பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, வெயில் ஏறியும் எழுந்திராத மகனை “என்ன தொரை, இன்னும் விடியலையா?” என்று எழுப்பும் தாயின் வாயில் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளையர் போய் எத்தனையோ காலம் ஆன பின்பும் நிர்வாகி பெரிய துரையாகவும் அவருக்கு அடுத்தவர் சின்னத் துரையாகவுமே இருக்கிறார்கள்.

வேர் எது? வடமொழியில் பாரம் என்னும் பொருளுடைய துரா என்பதிலிருந்து கொள்வாருண்டு. சபா சபை ஆனதுபோல் துரா துரை ஆயிற்று என்பர். அப்படியானால் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒகரம் எங்கிருந்து வந்தது? வடசொல்லை ஏற்கும்போது அம்மொழிகள் பொதுவாக உகரத்தை ஒகரமாக்குவதில்லை. ஆனால் நம் புகை கன்னடத்தில் ஹொகெ, தெலுங்கில் பொக. நம் தொடை, துடை என்பது கன்னடத்தில் தொடெ, தெலுங்கில் தொட. துரை, தொரெ, தொர இந்த வரிசையில் எழுத்துப் பிசகாமல் உட்காருகிறது. முதலெழுத்து அங்கே எடுத்தொலிப்பது தடையாகாது; நம் குடைக்கு இனமான தெலுங்குச் சொல்லிலும் ககரம் எடுத்தே ஒலிக்கிறது. எனவே இது திராவிட இனச்சொல். அகராதிகள் இச்சொல்லைத் தெலுங்கோடு ஒப்பிடுவதைக் கண்டு, பிறந்த இடமும் தெலுங்கே என்று முடித்துவிடுவது அவசரம்.

நான் கொள்ளும் வேர் துர என்னும் வினை. செலுத்துதல், ஏவுதல், எய்தல் என்பன அதன் பொருள்கள். சங்கப் பாடல்களில் தேர் துரக்கப்படும், அம்பு துரக்கப்படும், பொருளாசை தலைவனைத் துரக்கும். நட நடையாவதுபோல், கிட கிடையாவதுபோல் துர துரையாகும். நிகண்டுகள் துரைக்கு வேகம் என்று பொருள் தருவது இந்தத் தொழிற்பெயரே. அதற்கும் வடமொழி தேட வேண்டியதில்லை. தொழிற்பெயர் ஆளைக் குறிக்குமா என்று கேட்பார்கள். அரசு என்பது ஆட்சியும் ஆகும், அரசனும் ஆகும். அமைச்சு என்று வள்ளுவர் சொல்வது அமைச்சனை. தூது செய்தியையும் குறிக்கும், கொண்டுபோகிறவனையும் குறிக்கும், ஒற்றும் அப்படியே. ஆட்சித் தொழில் சார்ந்த பெயர்களில் தொழிலும் ஆளும் ஒன்றாக நிற்பது தமிழில் விதியைப் போலவே இருக்கிறது. ஏவுதலும் ஏவுகிறவனும் துரை என்று நிற்பது இந்தக் குடும்பத்துக்குப் புறம்பானதன்று.

தலைவன் என்ற பொருளில் சங்கத்திலோ சோழர் கல்வெட்டிலோ ஒரு சான்று காட்டு என்று கேட்டால், காட்ட இல்லை. அந்தப் பொருள் வடக்கே வளர்ந்து, பாளையப் படையோடு தெற்கே திரும்பியது என்பது என் துணிபு. வேர் நம்முடையது, பட்டம் நாயக்கர் காலத்தது, வெள்ளையனுக்குக் கிடைத்தது கடைசியில். அகராதி இந்த வரிசையிலேயே பொருள்களை அடுக்க வேண்டும்: ஏவுதல் முதலில், ஆள்பவன் அடுத்து, ஐரோப்பியன் இறுதியில்.