காப்பிக் கடையும் பெயர்ப்பலகையும்

ஓர் ஊரின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவது நம் வழக்கம். அவ்வூர் மக்கள் மாலைப்பொழுதில் எங்கே கூடினர், யாரோடு அமர்ந்தனர், எதைப் பருகினர் என்று கேட்பவர் சிலரே. அரசர்களின் போர்களைவிட இச்சிறு கேள்விகள் ஒரு சமுதாயத்தின் உள்ளத்தைத் தெளிவாகக் காட்டுவது உண்டு. அத்தகைய கேள்வி ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். பேட்டைக்குப் பேட்டை இருக்கும் பொதுக் கடையில், காசு கொடுத்துப் பருக வந்தவன் எவ்வாறு நடத்தப்பட்டான்?

மைசூர் அரண்மனைக் கோட்டைக்குத் தென்புறம் அக்ரஹாரம் என்னும் பகுதி இருக்கிறது. வேதம் ஓதும் அந்தணர்க்கு அரசர் கொடையாக அளித்த குடியிருப்புக்கு அக்ரஹாரம் என்று பெயர். இன்று அது கடைகளும் கோயில்களும் பள்ளிகளும் நெருங்கிய நகரப் பகுதி. பெயர் மட்டும் பழமையைச் சொல்லி நிற்கிறது. மைசூருக்கும் தமிழுக்கும் உள்ள உறவு நெடியது. 1881-இல் ஆட்சி மீண்டும் உடையார் மரபினரிடம் வந்தபோது திவானாயிருந்த ரங்காசார்லுவும், அவருக்குப் பின் 1883 முதல் 1901 வரை அப்பதவி வகித்த சேஷாத்ரி ஐயரும் தமிழகத்துத் தொடர்புடையவர்கள். மண்டயம் ஐயங்கார், ஹெப்பார் ஐயங்கார் என்னும் பிரிவினர் வீட்டில் ஒரு வகைத் தமிழும் வெளியே கன்னடமும் பேசி வாழ்ந்தனர். அவர்கள் இல்லங்களில் காலைப்பொழுது இன்றும் காப்பி மணத்தோடுதான் விடிகிறது.

ஆனால், காப்பி நம் தொன்மைக் குடிநீர் அன்று. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் முஸ்லிம் பெரியார் மெக்கா யாத்திரை சென்று திரும்புகையில், ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழி வந்த கதை. அம்மலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மைசூர்ச் சீமையிலும், குடகிலும், நீலகிரியிலும், சேர்வராயன் மலையிலும் பெருந்தோட்டங்கள் அமைத்தனர். இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகச் சென்றதும் முதலில் காப்பிக்காகவே. 1869-இல் அங்கே தோன்றிய இலைத்துரு நோய் காப்பிச் செடியை அழித்த பிறகே இலங்கை தேயிலைக்கு மாறிற்று. மைசூர் அரசு 1925-இல் பாலெஹொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியது. அரபு நாட்டிலிருந்து முஸ்லிம் பெரியார் ஒருவர் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு பொருள், மூன்று நூற்றாண்டுக்குள் அக்ரஹாரத்து அடுக்களையின் ஆசாரப் பொருள்களுள் ஒன்றாயிற்று. பொருள்களுக்குச் சாதி இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

வீட்டில் காப்பி புகுந்தபோது முதியோர் வருந்தினர். நீராகாரமும் பழைய சோறும் உண்டு உரம் பெற்ற உடல் இக்கரிய நீரால் கெடும் என்றனர். காந்தியடிகளும் தேநீர், காப்பிப் பழக்கத்தை வெறுத்தார். எனினும் பழக்கம் வென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டு நகரங்களில் 'காப்பி கிளப்' என்னும் கடைகள் பெருகின. குமாஸ்தாக்கள், வக்கீல்கள், மாணவர்கள், வழக்குக்காக ஊரிலிருந்து வந்தவர்கள் ஆகியோர் அவற்றின் வாடிக்கைக்காரர் ஆயினர். வெளியிடத்தில் உண்பதைக் குற்றமாகக் கருதிய ஒரு தலைமுறையின் மக்கள், இட்டலியும் தோசையும் காப்பியும் வேண்டி மாலைதோறும் அங்கே கூடினர். 1924-இல் பெங்களூரில் யக்ஞநாராயண மையரும் உடன்பிறந்தாரும் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம், 1938-இல் சென்னையில் கிருஷ்ண ராவ் தொடங்கிய உட்லண்ட்ஸ் ஆகியவை இம்மரபில் வளர்ந்த புகழ்பெற்ற நிலையங்கள்.

இக்கடைகள் தோன்றிய காலத்துச் சிக்கல் ஒன்றை நாம் உணர வேண்டும். பிறர் சமைத்ததை உண்ணாத ஆசாரமுடையவன் பயணத்திலும் பட்டணத்திலும் என் செய்வான்? அந்தணர் சமையல் செய்யும் கடை என்று பலகை தொங்கினால் அவன் அச்சம் தீரும். அதனால் 'பிராமணாள் காப்பி கிளப்' என்னும் பலகைகள் தொங்கின. முதலில் அது சமைப்பவரைக் குறித்த சொல். ஆனால் சமைப்பவரோடு அது நிற்கவில்லை. உண்பவரையும் அது பிரித்தது. சென்னை மாகாணத்துக் கடைகள் பலவற்றில் உட்கூடம் அந்தணர்க்கு, முன்கூடம் மற்றையோர்க்கு என்று இடம் வகுத்தனர். இடையே தட்டியோ திரையோ நின்றது. ஒரே அடுப்பில் இறங்கிய காப்பி, ஒரே விலை, பருகும் இடம் மட்டும் வேறு. தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ முன்கூடமும் இல்லை. காப்பித் தோட்டத்தில் அட்டைக்கடி பட்டுக் கொட்டை பறித்தவர்களுள் பெரும்பாலோர் அம்மக்களே. அவர்கள் பறித்த கொட்டை உட்கூடம் வரை சென்றது; அவர்களுக்கு வாயிற்படியிலும் இடமில்லை.

பெண்களின் நிலையையும் இங்கே குறிக்க வேண்டும். நல்ல குடும்பத்துப் பெண் உணவுக்கடைக்குள் நுழைவது தகாது என்று நெடுங்காலம் எண்ணினர். பின்னர் 'குடும்ப அறை' என்று ஒரு மூலையை மறைத்துக் கொடுத்தபோதுதான் பெண்கள் கணவரோடும் மக்களோடும் உள்ளே வரலாயினர். அதுவும் ஒரு தட்டிதான்.

இவ்வழக்கம் நம் நாட்டுக்கே உரிய இழிவு என்று எண்ணிவிட வேண்டா. இலண்டன் மாநகரின் தெருமுனை மதுக்கடைகளை நோக்குவோம். அவற்றை ஆங்கிலேயர் 'பப்' என்பர். 'பொது இல்லம்' என்பது அதன் பொருள். பொது என்று பெயர் இருந்தும், விக்டோரியா அரசி காலத்து மதுக்கடையின் உள்ளே மரத் தடுப்புகள் பல இருந்தன. உழைப்பாளிக்கு ஒரு கூடம். கனவானுக்கு மெத்தையிட்ட வேறொரு கூடம். ஊற்றிக்கொடுப்பவரின் கண்ணிலும் படாதிருக்க விரும்பிய கனவான்களுக்காக, முகத்தளவில் சுழலும் கண்ணாடித் தட்டிகளும் சில கடைகளில் இருந்தன. அங்கே பிரித்தது பணமும் குலப்பெருமையும். இங்கே பிரித்தது பிறப்பு.

ஜார்ஜ் ஆர்வெல் என்னும் எழுத்தாளர் 1946-இல் தமக்குப் பிடித்த மதுக்கடை ஒன்றைப் பற்றி ஒரு நாளிதழில் எழுதினார். கடைப்பெண்டிர் வாடிக்கைக்காரரைப் பெயரிட்டு அழைப்பர். உரையாட ஏற்ற அமைதி இருக்கும். வானொலியும் பியானோவும் இரா. இவ்வாறெல்லாம் வருணித்துவிட்டு, அப்படியொரு கடை உண்மையில் இல்லை என்று முடித்தார். வானொலி இல்லாமை ஒரு சிறப்பு என்று அவர் சொன்னதை வானொலியில் பேசுவோர் பொருட்படுத்த மாட்டார்கள். கருதத்தக்கது வேறொன்று. மக்கள் கடைக்குச் செல்வது பானத்துக்காக மட்டும் அன்று. தம்மை ஓர் ஆளாக மதித்து வரவேற்கும் இடம் ஒன்றை நாடியே செல்கின்றனர். மதிப்புக் கிட்டாத இடத்தில் அமுதமும் கசக்கும்.

தென்னாட்டில் தட்டிகள் தாமே விழவில்லை. பெரியார் ஈ. வெ. ரா. அவர்களின் இயக்கம் இதனை எதிர்த்துப் பல்லாண்டு போராடியது. இரயில் நிலையங்களின் உணவகங்களில் அந்தணர்க்கும் மற்றையோர்க்கும் தனித்தனி இடம் என்றிருந்த முறை 1941-இல் நீக்கப்பட்டது. 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவை காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்று விதித்தது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுட்பமானது. உணவகத்துள் நுழைய விடாமையை மட்டுமன்றி, அங்கே பொதுவில் வைத்த பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமையையும் அது குற்றமாக்கியது. சட்டம் இயற்றியோர் கடையின் கதவை மட்டும் பார்க்கவில்லை, குவளையையும் பார்த்தனர்.

தட்டி போன பின்னும் பலகை நின்றது. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவகத்தின் முன் பெரியார் தொண்டர்கள் மறியல் தொடங்கினர். பலகையிலிருந்து 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அச்சொல் மரக்கறி உணவையே குறிக்கிறது, எவரையும் தடுக்கவில்லை என்று அதை ஆதரித்தோர் வாதாடினர். ஒரு பிறப்பின் பெயரைத் தூய்மைக்கு அடையாளமாக்கினால் மற்றைப் பிறப்புகள் எவற்றுக்கு அடையாளம் என்று எதிர்த்தோர் கேட்டனர். மறியல் பல மாதம் நீடித்தது. நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். முடிவில் அச்சொல் நீங்கிற்று. ஒரு சொல்லுக்கு இத்துணைப் போரா என்று வியப்பவர், அச்சொல்லைப் படித்துவிட்டுப் படியேறாமல் திரும்பியவரின் நெஞ்சை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி மீண்டும் இங்கிலாந்து. அங்கே குடியேறிய இந்தியரும் மேற்கிந்தியத் தீவினரும் மதுக்கடைகள் பலவற்றில் நிறம் காரணமாக விலக்கப்பட்டனர். 1964-இல் பிரிஸ்டல் நகரில் பால் ஸ்டீபன்சன் என்னும் கறுப்பின இளைஞர், மது தர மறுத்த கடையை விட்டு வெளியேற மறுத்தார். கைதானார், வழக்கில் விடுதலை பெற்றார். பர்மிங்ஹாமை அடுத்த ஸ்மெத்விக்கில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தார் நிறவேற்றுமை காட்டும் மதுக்கடைகளை எதிர்த்துப் போராடினர். 1965 பெப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அங்கே வந்து அவர்கள் நிலையை நேரில் கண்டார். அவ்வாண்டு இறுதியில்தான் பொது இடங்களில் இன வேற்றுமையைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் பிறந்தது. இந்தியச் சட்டம் வந்து பத்தாண்டுகள் ஆன பின்! பெண்களுக்கு இன்னும் தாமதம். இலண்டன் பிளீட் தெருவின் புகழ்பெற்ற மதுக்கடை ஒன்று பெண்களை மேடையருகே நின்று பருக விடாமையைச் சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது 1982-இல்.

நம் நாட்டில் மற்றொரு புதுமையும் இதே காலத்தில் நிகழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் காப்பி விலை வீழ்ந்தபோது, உள்நாட்டில் குடிப்போரைப் பெருக்குவதற்காக 1936-இல் பம்பாயில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. பின்னர்ப் பல நகரங்களில் அவை கிளைத்தன. 1950-களின் நடுவில் காப்பி வாரியம் அவற்றை மூடத் தொடங்கிய வேளை, ஏ. கே. கோபாலன் அவர்களின் தூண்டுதலால் பணியாளர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து 1957 முதல் தாமே நடத்தலாயினர். தலைப்பாகை அணிந்த அப்பணியாளர் எவர்க்கும் ஒரே கோப்பையில் காப்பி தந்தனர். ஒரு கோப்பை வாங்கியவன் ஒரு மணி நேரம் அமர்ந்து விவாதிக்கலாம், எழுந்திரு என்பாரில்லை.

மைசூரில் வாழ்ந்து எழுதியவர் ஆர். கே. நாராயண். அவருடைய 1976-ஆம் ஆண்டு நாவலின் தலைவன் பெயர்ப்பலகை எழுதிப் பிழைப்பவன். அவன் நாள்தோறும் நாடும் உணவகத்துக்கோ 'போர்ட்லெஸ்', அதாவது பலகையில்லாக் கடை, என்றே பெயர். ஊருக்கெல்லாம் பலகை எழுதுபவன் பலகையில்லாக் கடையில் அமர்ந்து நண்பர்களோடு உரையாடுகிறான். ஆசிரியர் நகைச்சுவைக்காகவே அமைத்திருக்கலாம். பலகைகளின் வரலாற்றை அறிந்த நமக்கு அதில் வேறொரு பொருளும் புலப்படுகிறது.

1980-களில் பெங்களூரில் 'தர்ஷினி' என்னும் கடைகள் தோன்றிக் கர்நாடகமெங்கும் பரவின. அவற்றில் உட்கூடமும் இல்லை, முன்கூடமும் இல்லை. அமர நாற்காலியும் இல்லை. சீட்டு வாங்கி, மேடையில் தட்டை வைத்து, எல்லோரும் நின்றே உண்ண வேண்டும். அருகில் நிற்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. மைசூரிலும் பெங்களூரிலும் 'பை-டூ' என்றொரு வழக்கமும் உண்டு. ஒரு காப்பியை இரண்டாகப் பகுத்து இருவர் பருகுவது அது. சிக்கனத்துக்காக எழுந்த வழக்கம். ஆனால் ஒரு பாத்திரத்துக் காப்பியை இருவர் பங்கிடுவதற்கு நூறாண்டுக்கு முன் எத்தனை தடைகள் இருந்தன என்று எண்ணினால் அதன் அருமை விளங்கும்.

இத்துடன் கதை முடிந்தது என்று மகிழ இயலவில்லை. தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் சிலவற்றில் தாழ்த்தப்பட்டோர்க்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை இந்த நூற்றாண்டிலும் கள ஆய்வுகளில் வெளிப்பட்டது. குவளையை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லிக் காத்திருந்தும் இந்நிலை. தட்டியைச் சட்டம் அகற்றலாம்; பலகையைப் போராட்டம் மாற்றலாம். குவளையைக் கழுவி அடுக்கி வைப்பவரின் உள்ளமும், பக்கத்தில் நின்று பருகுபவரின் உள்ளமும் மாறினாலன்றி அப்பணி நிறைவுறாது.

அடுத்த முறை கடையில் காப்பி அருந்தும்போது, நமக்கு அருகில் இருப்பவரை நோக்குவோம். அவருடைய பாட்டனாரும் நம் பாட்டனாரும் இவ்வாறு ஒரே கூடத்தில் நின்றிருப்பார்களா என்று நம்மையே வினவுவோம்.