ஓட்டம் ஓய்ந்த நாய்கள்

மெலிந்த இடை, ஆழ்ந்த மார்பு, நீண்ட முகம், வில்லென வளைந்த முதுகு ஆகியவற்றைக் கொண்ட கிரேஹவுண்டு நாயை ஒருமுறை கண்டவர் எளிதில் மறப்பதில்லை. தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறை நாயையோ கன்னி நாயையோ அறிந்த தமிழர்க்கு அதன் வடிவம் அந்நியமாகத் தோன்றாது. மோப்பத்தை நம்பாமல், இரையைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய்களின் வரிசையில் வருவது அது. மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்ல அந்நாய், அரை நிமிடத்தில் தன் ஆற்றலையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடும். அந்த அரை நிமிடத்தை நம்பி இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெருந்தொழிலே எழுந்தது. ஆனால், ஓட்டம் ஓய்ந்த பிறகு அந்த நாய் எங்கே போகிறது என்ற கேள்வியை அத்தொழில் நெடுங்காலம் கேட்டதில்லை. அக்கேள்வியைக் கேட்டவர்களின் வரலாற்றையே இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பழங்காலத்தில் கிரேஹவுண்டு உயிருள்ள முயலைத் துரத்தியது. இங்கிலாந்தில் பிரபுக்களும் நிலக்கிழார்களும் அவ்வேட்டையைப் போட்டியாகவே நடத்தினர். உயிர் முயலுக்குப் பதில் பொய் முயலை ஓடவிடும் எண்ணம் 1876-லேயே தோன்றிவிட்டது. இலண்டனை அடுத்த ஹெண்டனில் 400 கெஜ நீளமுள்ள நேர்பாதை ஒன்றில் அது சோதிக்கப்பட்டது. நேர்பாதையில் வேகமான நாயே எப்போதும் வெல்லும்; பார்ப்பவர்க்கு அதில் சுவையில்லை. ஆகவே அந்த முயற்சி நிலைக்கவில்லை. வட்டப் பாதையில் இயந்திர முயலை ஓடவிட்டு வெற்றி கண்டவர் அமெரிக்கரான ஓவன் பேட்ரிக் ஸ்மித். அவர் 1919-இல் கலிபோர்னியாவின் எமரிவில் நகரில் திடல் திறந்தார். அங்கிருந்து அவ்விளையாட்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டி, 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டர் நகரின் பெல் வியூ திடலில் அரங்கேறியது. முதல் நாள் வந்தவர் 1,700 பேர் அளவினரே. ஆனால், சில வாரங்களில் கூட்டம் ஆயிரம் ஆயிரமாகப் பெருகிற்று.

இந்தப் பெருக்கத்திற்குக் காரணம் நாயின் அழகன்று, சட்டமும் வேலை நேரமுமே ஆகும். அக்கால இங்கிலாந்தில் பந்தயத் திடலுக்கு வெளியே ரொக்கப் பணம் கட்டிச் சூதாடுவது குற்றம். குதிரைப் பந்தயமோ பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பட்டப்பகலில் நடந்தது. ஆலைத் தொழிலாளி அதற்குப் போக வேண்டுமானால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். நாய்ப் பந்தயமோ நகரத்தின் நடுவே, மாலை வேளையில், மின்விளக்கு ஒளியில் நடந்தது. வேலை முடிந்து டிராம் வண்டி ஏறி வந்து, சிறு காசு கட்டி, சட்டத்திற்கு உட்பட்டே ஆடிவிட்டுப் போகலாம். ஏழையின் பந்தயம் என்று அதற்குப் பெயர் வந்ததில் வியப்பில்லை. 1929, 1930 ஆகிய ஈராண்டுகளிலும் ஆங்கில டெர்பி கோப்பையை வென்ற அயர்லாந்து நாயான மிக் தி மில்லர் நடிகர்களுக்கு இணையான புகழ் பெற்றது. அதன் பதப்படுத்திய உடல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டிரிங் கிளையில் வைக்கப்பட்டுள்ளது.

மிக் தி மில்லருக்கு அருங்காட்சியகம் கிடைத்தது. பெயர் தெரியாத மற்ற நாய்களுக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பந்தய நாய் ஒன்றரை வயதளவில் ஓடத் தொடங்கும். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் அதன் கால்கள் தளரும், அல்லது எலும்பு முறியும், அல்லது இளைய நாய்கள் அதை முந்தும். அதன் இயல்பான ஆயுளோ பன்னிரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். ஆக, வாழ்நாளில் பாதிக்கு மேல் அது ஓடாத நாய். ஓடாத நாய்க்குத் தீனி போடக் கணக்கில் இடமில்லை. வெல்லும் நாய் ஒன்று கிடைக்கப் பல குட்டிகளை ஈன வைத்ததால், திடலை மிதிக்காமலே கழித்துக்கட்டப்பட்டவையும் ஏராளம். சிலவற்றை உரிமையாளர்கள் தம் வீட்டிலேயே வைத்துப் பேணினர் என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆயினும் மருந்தூசியே பொது வழக்கமாக இருந்தது. சில இடங்களில் ஊசிச் செலவும் மிகையெனக் கருதப்பட்டது.

மாற்றம் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 1975-இல் பிரிட்டனின் பந்தய நிர்வாகக் குழுவே, ஓய்வுபெற்ற நாய்களுக்கு வீடு தேடித் தரும் அறநிலையம் ஒன்றை நிறுவியது. 1982-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், பந்தயத் திடலில் வேலை பார்த்த ஒருவரின் முயற்சியால் தத்தளிப்பு இயக்கம் ஒன்று தோன்றியது. நாள்தோறும் அந்நாய்களோடு பழகியவருக்கே அவற்றின் முடிவு பொறுக்க முடியாததாகியது போலும். 1987-இல் அந்நாடு தழுவிய அமைப்பு ஒன்றும் உருவாயிற்று. 1996-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பந்தய ஆணையமே தத்தளிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இவையெல்லாம் நற்செயல்களே. ஆனால், ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகளின் தொகைக்கு முன்னால் இவை கைப்பிடி அளவே என்பதும் உண்மை.

பந்தய நாயை வீட்டு நாயாக மாற்றுவது எவ்வாறு? அது மூர்க்கமானது, நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பன மக்கள் மனத்தில் ஊறியிருந்த தவறான எண்ணங்கள். திடலில் அதற்கு வாய்ப்பூட்டு மாட்டியிருப்பதைக் கண்டவர்கள் அது கடிக்கும் நாய் என்றே முடிவு கட்டினர். உண்மையில் கிரேஹவுண்டு சோம்பலில் பெயர் பெற்றது. நாளின் பெரும்பகுதியை உறங்கிக் கழிக்கும், சிறிது நடை போதும், குரைப்பதும் குறைவு. அதன் இடர்ப்பாடுகள் வேறு வகையானவை. கொட்டிலிலேயே வளர்ந்த நாய்க்கு மாடிப்படி தெரியாது. கண்ணாடிக் கதவைத் திறந்த வெளி என்று நினைத்து மோதிக்கொள்ளும். வழவழப்பான தரையில் கால் வைக்க அஞ்சி நிற்கும். நிலைக்கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு திகைக்கும். தன் இனத்தைத் தவிர வேறு நாயைக் கண்டிராததால், சடைநாய் ஒன்று எதிரே வந்தால் அதை நாயென்றே அறியாது. ஓடும் சிறு உருவத்தைத் துரத்தப் பழக்கப்பட்டதால், பூனை உள்ள வீட்டிற்கு எல்லா நாயும் ஏற்றதாகாது. எல்லாவற்றையும் விட, கொட்டிலில் எப்போதும் கூட்டத்தோடு இருந்த அது, தனியே விடப்பட்டால் கலங்கிப்போகும்.

இதற்காகவே இடைக்கால வளர்ப்பு என்ற முறை வளர்ந்தது. நிரந்தர வீடு கிடைக்கும் வரை சில வாரங்களோ மாதங்களோ ஒரு குடும்பம் நாயைத் தன்னிடம் வைத்துப் பேணும். ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துப் படியேறக் கற்பிப்பதிலிருந்து, பூனையைக் கண்டால் அது என்ன செய்கிறது என்று குறித்துவைப்பது வரை அக்குடும்பத்தின் வேலை. உடம்பில் கொழுப்பு மிகக் குறைவாதலால் குளிர்நாடுகளில் அதற்குச் சட்டை போட வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரும் தனிக் கவனம் கொள்ள வேண்டும். விக்டோரியாவில் சோதனையில் தேறிய நாய்களுக்குப் பச்சைக் கழுத்துப்பட்டை அணிவித்தனர். அதை அணிந்த நாய் வாய்ப்பூட்டின்றித் தெருவில் நடக்கலாம். 2019-இல் அம்மாநிலம், வீட்டில் வளரும் கிரேஹவுண்டுக்கு வாய்ப்பூட்டு கட்டாயம் என்ற விதியையே நீக்கிவிட்டது. நாயை வளர்த்துப் பழக்கி, பின்னர் இன்னொருவர் கையில் ஒப்படைத்து விடைபெறும் அந்தக் குடும்பங்களின் பெயர்கள் எந்த வெற்றிப் பட்டியலிலும் இல்லை.

மறுபுறம் இருளும் அடர்ந்தே இருந்தது. பந்தய நாயின் காதில் அடையாள எண் பச்சை குத்தப்பட்டிருக்கும். 2004-இல் தென் வேல்ஸின் மலைச்சரிவு ஒன்றில், தலையில் சுடப்பட்டு, உரிமையாளர் யாரென்று தெரியாதிருக்கக் காதுகளும் அறுக்கப்பட்டு, உயிரோடு கிடந்த நாய் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 2006-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் வட்டாரத்துச் சீஹாம் ஊரில், கட்டடப் பொருள் வணிகர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளாகக் கூலிக்கு நாய்களைக் கொன்று தம் நிலத்தில் புதைத்து வந்ததை இலண்டன் செய்தித்தாள் ஒன்று அம்பலப்படுத்திற்று. பத்தாயிரம் நாய்கள் இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. அவருக்கு நீதிமன்றம் விதித்தது அபராதம் மட்டுமே. அதுவும் நாய்களைக் கொன்றதற்கன்று, உரிமமின்றிக் கழிவைப் புதைத்ததற்கு! சட்டத்தின் கண்ணுக்கு அந்த நாய்கள் கழிவாகத்தான் தெரிந்தன.

ஆஸ்திரேலியாவில் எண்ணிக்கை இன்னும் பெரிது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி மைக்கல் மெக்ஹியூ தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம், பன்னிரண்டு ஆண்டுகளில் போதிய வேகமில்லை என்பதற்காக மட்டும் 48,000-க்கு மேல் 68,000 வரையான நாய்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று 2016-இல் அறிவித்தது. அவ்வாண்டு ஜூலையில் மாநில முதல்வர் மைக் பேர்ட் பந்தயத்தையே தடை செய்வதாக முழங்கினார்; எதிர்ப்பு வலுக்கவே, அக்டோபரில் அதைத் திரும்பப் பெற்றார்.

அந்த ஆஸ்திரேலியாவிலிருந்து ஆசியாவுக்கும் நாய்கள் வந்தன. நாய்ப் பந்தயம் நமது கண்டத்திற்குப் புதியதன்று. 1928-லேயே ஷாங்காயின் பிரெஞ்சுப் பகுதியில் கேனிட்ரோம் என்னும் பெருந்திடல் திறக்கப்பட்டது. அதே பெயரில் போர்த்துகீசிய மக்காவ்விலும் 1930-களின் தொடக்கத்தில் ஒரு திடல் எழுந்து, சில ஆண்டுகளில் மூடப்பட்டு, 1963-இல் மறுபடியும் உயிர்பெற்றது. அடுக்குமாடி வீடுகள் சூழ்ந்த நெருக்கமான வட்டாரத்தில் இரவுதோறும் விளக்கெரிந்த அந்தத் திடலுக்குச் சொந்த நாய்ப் பண்ணை கிடையாது. நாய்கள் விமானத்தில் வந்து இறங்கின. வந்தவை திரும்பவில்லை. ஆஸ்திரேலியாவின் கடுமையான நோய்த்தடுப்புச் சட்டங்களால் அவை தாயகம் மீள வழியில்லை. மக்காவ்விலோ தத்தளிப்பு ஏற்பாடு பெயரளவிலும் இல்லை. 2010-ஆம் ஆண்டில் மட்டும் 383 நாய்கள் கொல்லப்பட்டதாக ஹாங்காங் நாளிதழ் ஒன்று வெளியிட்டது. 2011-இல் புரூக்ளின் என்ற ஒரே ஒரு நாயையாவது தங்களிடம் ஒப்படைக்குமாறு பிராணி நலத்தார் கேட்டனர். அந்த வேண்டுகோள் நிறைவேறவில்லை. ஆனால், புரூக்ளின் என்ற பெயர் பல நாடுகளில் பரவிற்று. 2013-இல் ஆஸ்திரேலியப் பந்தய அமைப்பு மக்காவ்வுக்குச் செல்லும் நாய்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்குவதை நிறுத்தியது. பின்னர் குவாண்டாஸ் விமான நிறுவனமும் ஆசியாவுக்குப் பந்தய நாய்களை ஏற்ற மறுத்தது. பெருந்தொழிலை அசைக்க ஒரு நாயின் பெயரும் உதவக்கூடும் என்பதை அக்காலத்தில் எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

2016-இல் மக்காவ் அரசாங்கம், ஈராண்டுக்குள் இடம் மாற வேண்டும், அல்லது மூட வேண்டும் என்று திடல் நிர்வாகத்துக்குக் கெடு விதித்தது. ஈராண்டு என்பது குறுகிய காலமன்று; நாள்தோறும் ஒரு நாய்க்கு வீடு தேடியிருந்தாலும் கொட்டில்கள் காலியாகியிருக்கும். ஆனால், 2018 ஜூலையில் கெடு முடிந்தபோது ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் கொட்டிலிலேயே கிடந்தன. அரசாங்கமே அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அனிமா என்னும் உள்ளூர்ப் பிராணி நல அமைப்பும் அதன் தலைவர் அல்பானோ மார்டின்சும் முன்னின்று, வெளிநாட்டுத் தத்தளிப்புக் குழுக்களோடு தொடர்பு கொண்டனர். ஒவ்வொரு நாய்க்கும் மருத்துவச் சோதனை, தடுப்பூசி, கருத்தடை, பயணக் கூண்டு, விமானச் செலவு எனத் தேவைகள் நீண்டன. ஹாங்காங், இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா என்று அவை சிறு சிறு குழுக்களாகப் புறப்பட்டன. மூப்பும் நோயும் உள்ள நாய்களையே விரும்பிக் கேட்ட குடும்பங்களும் உண்டு. 2019-இல் கொட்டில்கள் காலியாயின.

அமெரிக்காவின் நாய்ப் பந்தயத் தலைநகரெனத் திகழ்ந்த ஃபுளோரிடாவில் 2018 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 69 விழுக்காட்டினர் பந்தயத்தை ஒழிக்க வாக்களித்தனர். 2020 முடிவில் அங்கு அது ஓய்ந்தது. அப்போது, வீடு தேடும் நாய்களைவிட நாய் கேட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் மிகுந்துவிட்ட ஊர்களும் இருந்தன. பிரிட்டனில் 2020 முதல், பந்தயத்துக்குப் பதிவாகும் ஒவ்வொரு நாயின் பேரிலும் 400 பவுன் வைப்புத்தொகை கட்டும் முறை வந்தது. ஓட்டம் முடிந்த நாய்க்கு வீடு தேடித் தரும் செலவுக்கு அப்பணம் பயன்படுகிறது. முதன்முறையாக, ஓடாத நாயும் கணக்கில் ஏறியது.

2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசாங்கம் நாய்ப் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. அதற்கு இருபது மாத அவகாசம் அளித்தது, பெரும்பாலும் நாய்களுக்கு வீடு தேடவே. மக்காவ்வின் கெடுவுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அறிவிப்பு வெளியான அதே நாளில் நியூசிலாந்து நாடாளுமன்றம் அவசரச் சட்டம் ஒன்றையும் நிறைவேற்றியது: தொழில் முடிகிறது என்ற காரணத்திற்காகப் பந்தய நாயைக் கொல்லுதல் கூடாது.