குறுகிய வழியின் குறை: கேம்பிரிட்ஜ் கூரைகளும் கான்பூர்க் கோபுரங்களும்

கம்பி வலையமைப்பில் ஓர் இணைப்பு இயங்கும், அல்லது அறுந்து கிடக்கும், இடைநிலை அரிது. எனவே தரவுக்குப் பாதை தேர, இடையில் எத்தனை தாவல்கள் என்று எண்ணினாலே பெரும்பாலும் போதுமானதாயிற்று. இந்தக் கணக்கு வானலை உலகுக்கும் அப்படியே குடிபெயர்ந்தது. 1994இல் சார்லஸ் பெர்கின்சும் பிரவின் பாக்வத்தும் வெளியிட்ட டி.எஸ்.டி.வி. நெறிமுறையும், அதன் பின்வந்த டி.எஸ்.ஆர்., ஏ.ஓ.டி.வி. ஆகியனவும் தாவல் குறைந்த பாதையையே நாடின.

இதில் ஒரு பொறி இருந்தது. தாவல்களைக் குறைத்தால் ஒவ்வொரு தாவலும் நீளும். நீண்ட தாவலில் சமிக்ஞை நலியும். ஆக, அந்த நெறிமுறைகள் இருப்பவற்றுள் மிக நலிந்த இணைப்புகளைத் தேடித்தேடிப் பிடித்தன.

2003இல் எம்.ஐ.டி.யின் டக்ளஸ் டி கூட்டோ, டேனியல் அகுவாயோ, ஜான் பிக்கெட், ராபர்ட் மோரிஸ் ஆகியோர் 29 கணுக்கள் கொண்ட சோதனை வலையமைப்பில் இதை அளந்து காட்டினர். அவர்கள் முன்வைத்த அளவுகோல் இ.டி.எக்ஸ்.: ஒரு பொட்டலம் சென்று சேர்ந்து, அதற்கான ஒப்புகையும் திரும்புவதற்குச் சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டும் என்னும் மதிப்பீடு. ஒவ்வொரு கணுவும் நொடிக்கொரு சோதனைப் பொட்டலத்தை ஒலிபரப்பும். கடந்த பத்து நொடிகளில் எத்தனை வந்தன என்று அண்டைக் கணுக்கள் எண்ணும். இருதிசையிலும் பாதி மட்டுமே சேரும் ஒற்றைத் தாவலுக்கு நான்கு முயற்சிகள் தேவை. இருதிசையிலும் நூற்றுக்குத் தொண்ணூறு சேரும் இரண்டு தாவல்களுக்கோ மொத்தம் ஏறத்தாழ இரண்டரைதான். சுற்றுவழி வென்றது.

அதே குழுவினர் கேம்பிரிட்ஜ் நகரத் தன்னார்வலர்களின் வீட்டுக் கூரைகளில் அமைத்த ரூஃப்நெட், இன்னும் வியப்பான செய்தியைத் தந்தது. கேட்கும் எல்லை, கேளா எல்லை என்ற தெளிவான கோடே அங்கு இல்லை. பெரும்பாலான இணைப்புகள் அரைகுறையானவை. கட்டடங்களில் பட்டுத் தெறித்துப் பிந்தி வரும் அலைகளே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று 2004இல் எழுதினர்.

அப்படியானால் வெட்டவெளியிலும் இதே நிலைதானா? ஐ.ஐ.டி. கான்பூரின் ‘டிஜிட்டல் கங்கைச் சமவெளி’த் திட்டம் இக்கேள்விக்கு விடை தேட வாய்த்த களம். சாதாரண வைஃபை கருவிகளைத் திசைநோக்கு ஆன்டெனாக்களுடன் கோபுரங்களில் ஏற்றி, ஊர்களை இணைத்த முயற்சி அது. 1 கிலோமீட்டர் முதல் 37 கிலோமீட்டர் வரை நீண்ட எட்டு இணைப்புகளை அளந்த காமேஸ்வரி செப்ரோலு, பாஸ்கரன் ராமன், சயந்தீப் சென் ஆகியோர் 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். பிழை வீதம் ஏறக்குறைய கோட்பாடு சொன்னபடியே சமிக்ஞை வலிமையைப் பின்பற்றியது. உண்மையான பகை, பிற கருவிகளின் குறுக்கீடு. அதையும் கவனமான திட்டமிடலால் தவிர்க்கலாம் என்றனர். கேம்பிரிட்ஜ் முடிவுகளை இது பொய்யாக்கவில்லை. நகரக் கூரைக்கு உரிய பண்பை எல்லா வானலைக்கும் உரியதாகக் கொள்ளும் பழக்கத்தைத்தான் அசைத்தது.

கான்பூரில் பாதைத்தேர்வின் சுமையும் இடம் மாறியது. மரங்களுக்கு மேலே நேர்ப்பார்வை கிடைக்க உயரம் வேண்டும். கோபுரச் செலவுக்கு முன் கருவியின் விலை அற்பம். எனவே எந்த ஊரின் கோபுரம் எந்த ஊரைப் பார்த்து நிற்பது, எந்த அலைவரிசையில் பேசுவது என்பனவெல்லாம் முதல் பொட்டலம் புறப்படுமுன்பே வரைபடத்தில் தீர்மானிக்கப்பட வேண்டியவை. பிறகு மாற்ற நினைத்தால் இரும்புக்கும் கூலிக்கும் மீண்டும் பணம் தேட வேண்டும்.