சுவரில் தொங்கிய நடனம்

ஓர் ஓவியம் மதிப்புப் பெற நூதனசாலை வாசலைத்தான் தாண்டவேண்டுமா?

1950களில், அமெரிக்காவின் வட கரோலினாவில், ஏர்னி பார்ன்ஸ் என்ற கறுப்பின மாணவர் நூதனசாலை ஒன்றுக்குச் சென்றார். தம்மவரின் ஓவியங்கள் எங்கே என்று வழிகாட்டியிடம் கேட்டார். உங்கள் மக்கள் அவ்விதம் தம்மை வெளிப்படுத்துவதில்லை என்று பதில் வந்தது.

தொழில்முறை அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரராகி, பின்னர் முழுநேர ஓவியரானார் பார்ன்ஸ். 1974இல் 'குட் ரைம்ஸ்' தொலைக்காட்சித் தொடர் ஆரம்பமாயிற்று. தாய், தந்தை, பிள்ளைகள் எனக் கறுப்பினக் குடும்பமொன்றை நடுநாயகமாக வைத்த முன்னோடி நகைச்சுவைத் தொடர் அது. சிக்காகோ தொடர்மாடியில் வாழும் மூத்த மகன் ஜே.ஜே. ஓர் ஓவியன். கதையில் அவன் தீட்டிய படங்கள் உண்மையில் பார்ன்ஸின் கைவண்ணம்.

அவற்றுட் புகழ்பெற்றது 'சுகர் ஷாக்'. சிறுவயதில் டேர்ஹம் நகரில் கண்ட நடனக்கூடத்தின் நினைவு அது. முற்றும் அரூப ஓவியமன்று. ஆயினும் உடல்கள் நீண்டு வளைந்து இசையாகவே உருமாறுகின்றன. கண்களோ மூடியிருக்கின்றன. ஒருவர் மனிதத்தை மற்றவர் காணாத குருட்டுத்தனத்தையே அவ்வாறு வரைந்தார். தொடரின் பெயர்ப்பட்டியலோடு அப்படம் வாராவாரம் திரையில் தோன்றிற்று; 1976இல் மார்வின் கேயின் இசைத்தட்டு உறையிலும் வந்தது. அதன் அச்சுப்படிகள் எண்ணற்ற கறுப்பின இல்லங்களின் சுவர்களில் ஏறின.

இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அதே நூதனசாலை பார்ன்ஸின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. 2009இல் அவர் மறைந்தார். 2022இல் 'சுகர் ஷாக்' நியூயோர்க்கில் ஒன்றரைக் கோடி டொலருக்கு மேல் ஏலம் போனது.

ஏலக்காரர் விலை கூறுமுன்பே, அச்சுப்படியை வாங்கி ஆணியில் மாட்டியவர்கள் அதன் மதிப்பைச் சொல்லிவிட்டார்கள்.