அமெரிக்கச் சரக்குத் தொடர்வண்டிகளில் உருளைத் தாங்கிகள்: வருகையும் தோற்ற மாற்றமும்

முன்னுரை

வட அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளின் அச்சுமுனைகளில் உராய்வுத் தாங்கியின் இடத்தை உருளைத் தாங்கி (ரோலர் பேரிங்) பெற்ற மாற்றம் ஏன் காலந்தாழ்ந்தது என்பதையும், அது பெட்டியின் புறத்தோற்றத்தோடு ஆபத்தை அறியும் முறையையும் எவ்வாறு மாற்றியது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பழைய அச்சுப்பெட்டி

சக்கரத்திற்கு வெளியே நீளும் அச்சுமுனையின் மீது, மென்மையான பாபிட் உலோகம் பூசிய பித்தளைத் துண்டு அமர்ந்து பெட்டியின் சுமையைத் தாங்கியது. அதனடியில் எண்ணெயில் ஊறிய கழிவு நூல் திணிக்கப்பட்டிருந்தது. முன்புறம் கீல் வைத்த மூடி. எண்ணெய் வற்றினாலோ நூலிழை இடையில் சிக்கினாலோ உலோகம் சூடேறியது, நூல் தீப்பற்றியது, முற்றினால் அச்சுமுனையே முறிந்தது. 'ஹாட் பாக்ஸ்' என வழங்கப்பட்ட இக்கோளாற்றின் புகையையும் நாற்றத்தையும் கடைசிப் பெட்டியிலிருந்த பணியாளர்கள் கவனித்து வந்தனர்.

காலத்தாழ்வின் காரணம்

ஹென்றி டிம்கன் கூம்புருளைத் தாங்கிக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். 1930இல் டிம்கன் நிறுவனம் எல்லா அச்சுகளிலும் உருளைத் தாங்கி பொருத்திய 1111ஆம் எண் நீராவி எஞ்சினைப் பல இருப்புப்பாதைகளில் ஓட்டிக் காட்டியது. நார்தர்ன் பசிபிக் நிறுவனம் 1933இல் அதனை வாங்கியது. எஞ்சின்களும் பயணிகள் பெட்டிகளும் இம்மாற்றத்தை முன்னரே ஏற்கச் சரக்குப் பெட்டிகள் பின்தங்கின. சரக்குப் பெட்டி பிற நிறுவனங்களின் பாதைகளிலும் ஓடுவது. தாங்கிக்கான செலவு உரிமையாளருடையது. எளிதாகப் புறப்படுதல், தாமதமின்மை ஆகிய பயன்களோ பெட்டி ஓடும் பாதைக்குரியவை. மேலும், புறப்படும்போது பெரிதாக இருந்த இழுவை வேறுபாடு, எண்ணெய்ப் படலம் உருவாகும் ஓட்டத்தில் குறைந்தது. ஆகவே தனி நிறுவனத்தின் கணக்கில் இம்முதலீடு எளிதில் நியாயம் பெறவில்லை. பொது விதிகளே இத்தடையை நீக்கின. 1960களில் புதிய பெட்டிகளுக்கு உருளைத் தாங்கி கட்டாயமாகத் தொடங்கியது.

தோற்ற மாற்றம்

தொடக்ககால உருளைத் தாங்கிகள் பல, பழைய பெட்டியை ஒத்த உறைகளுக்குள் மறைந்திருந்தன. டிம்கன் 1954இல் அறிமுகப்படுத்திய 'ஏபி' தாங்கி, முத்திரையிட்ட தனி அலகாக அச்சுமுனையில் பொருத்தப்பட்டதால் அச்சுப்பெட்டியே தேவையற்றுப் போனது. சக்கரம் சுழன்றபோதும் பழைய மூடி அசையாதிருந்தது; புதிய தாங்கியின் முனைமூடியோ மூன்று திருகாணிகளுடன் அச்சோடு சேர்ந்து வெளிப்படையாகச் சுழன்றது. ஆனால் திறந்து பார்க்க மூடியில்லாததால் தாங்கியின் உள்நிலை கண்ணுக்கு எட்டாததாயிற்று. பாதையோர வெப்ப உணரிகளைச் சார்ந்திருப்பது இன்றியமையாததாயிற்று.

முடிவுரை

1979 நவம்பர் 10 அன்று கனடாவின் மிசிசாகாவில் உராய்வுத் தாங்கி சூடேறி ரசாயனத் தொடர்வண்டி தடம்புரண்டது. 2,00,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். 2023 பிப்ரவரி 3 அன்று ஒஹாயோவின் கிழக்குப் பாலஸ்தீனில் தடம்புரண்ட தொடர்வண்டியில் பழுதானது உருளைத் தாங்கி. உணரிகளுக்கு இடைப்பட்ட தொலைவிலேயே வெப்பம் விரைந்து ஏறியதால் இறுதி எச்சரிக்கை காலங்கடந்தே கிட்டியது. உருளைத் தாங்கி பழுதுகளைப் பெரிதும் குறைத்தது. எஞ்சிய பழுதுகளை மனிதப் புலன்களிடமிருந்து மறைக்கவும் செய்தது. ஆகவே இம்மாற்றத்தின் வரலாறு, உணரிகளை எவ்வளவு இடைவெளியில் நிறுவுவது, எந்த வெப்பநிலையில் வண்டியை நிறுத்துவது என்னும் விதிகளின் வரலாற்றோடு இணைத்தே எழுதப்பட வேண்டியதாகும்.