உருண்டை உணவுக்கு வாய் திறந்த வேட்டை மீன்கள்

கண்ணாடித் தொட்டியில் ஒரு சிங்கமீனை விட்டு, கடையில் விற்கும் உலர்ந்த உருண்டை உணவை அதன் முன்னே போட்டுப் பாருங்கள். மீன் திரும்பியும் பார்க்காது. உருண்டை அடியில் போய்த் தங்கி ஊறும், தண்ணீர் கெடும், மீன் நாளுக்கு நாள் மெலியும். அதே தொட்டியில் உயிருள்ள சின்ன இறால் ஒன்றை விட்டால், சிறகு போன்ற துடுப்புகளை விரித்து அதை ஒரு மூலைக்கு ஒதுக்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் உறிஞ்சிவிடும். மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் இந்த மீனுக்கு அசைவதே உணவு. அசையாதது கல்லோடு கல்.

இந்தப் பிடிவாதத்தை மனிதன் தளர்த்திய கதை நீளமானது. அது மீன் தொட்டியில் தொடங்கவில்லை. ட்ரௌட் மீன் பண்ணைகளில் தொடங்கியது.

1853-ஆம் ஆண்டு லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் கூடம் திறக்கப்பட்டது. பிலிப் காஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் கடல் உயிர்களைத் தொட்டியில் வைத்துக் காப்பதை இங்கிலாந்தில் ஒரு மோகமாகவே ஆக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில், 1852-இல், பிரெஞ்சு அரசு அல்சாஸ் பகுதியில் ஊனாங் என்னுமிடத்தில் மீன் குஞ்சு பொரிப்பகம் ஒன்றை நிறுவியது. முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்து லட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்க வழி பிறந்தது. ஆனால் பொரித்த குஞ்சுகளுக்கு எதைக் கொடுப்பது? ஆற்றில் ட்ரௌட் மீன் பூச்சிகளையும் சிறு மீன்களையும் பிடித்துத் தின்னும். பண்ணையில் அத்தனை பூச்சிக்கு எங்கே போவது? கசாப்புக் கடையில் மலிவாகக் கிடைத்த ஈரலையும் இதயத்தையும் அரைத்துக் கொடுத்தார்கள். நல்ல வேளையாக ட்ரௌட் அத்துணை அடம் பிடிக்கும் மீன் அன்று. நீரில் மிதந்து இறங்கும் ஈரல் துணுக்கை அது பாய்ந்து கவ்வியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு, மேலை நாட்டுப் பண்ணைகள் ஈரலிலேயே ஓடின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பண்ணைகளில் ட்ரௌட் மீன்களின் தொண்டைப் பகுதி வீங்கத் தொடங்கியது. இது தைராய்டு சுரப்பியில் உண்டான புற்றுநோய் என்று பலர் முடிவு கட்டினர். அது தொற்றக்கூடும் என்ற அச்சமும் எழுந்தது. டேவிட் மரைன் என்ற மருத்துவர் பென்சில்வேனியாவின் பண்ணை ஒன்றில் நோயுற்ற மீன்களை ஆராய்ந்து, 1910-இலும் 1911-இலும் வெளியிட்ட கட்டுரைகளில் வேறு முடிவைச் சொன்னார். இது புற்றுநோய் அன்று, மனிதருக்கு வருவது போன்ற கழலையே என்றார். நீரில் சிறிதளவு அயோடின் சேர்த்ததும் வீக்கம் தணிந்தது. ஈரலுக்குப் பதிலாகக் கடல் மீனைக் கொடுத்தாலும் அதே பயன் கிடைத்தது. ஈரலும் இதயமும் வயிற்றை நிரப்பின, அயோடினைத் தரவில்லை. இதே மரைன்தான் பின்னர் ஓகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பள்ளி மாணவிகளுக்கு அயோடின் கொடுத்துக் கழலையைத் தடுத்துக் காட்டினார். 1924-இல் மிச்சிகன் மாநிலத்தில் அயோடின் கலந்த உப்பு விற்பனைக்கு வந்தது. ஆடு, நாய், மீன் ஆகியவற்றில் அவர் கண்ட உண்மைகளே அதற்கு வழி காட்டின. நம் சமையலறை உப்பு டப்பாவில் ட்ரௌட் மீனுக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் மிகையில்லை.

ஈரல் விலை ஏற ஏற, உலர்ந்த உணவின் மீது கண் சென்றது. 1920-களில் கிளைவ் மெக்கே என்ற அமெரிக்க ஊட்ட அறிவியலாளர் ட்ரௌட் மீன்களுக்கு உலர்ந்த கலப்பு உணவுகளைக் கொடுத்துச் சோதித்தார். மீன்கள் முகம் சுளிக்காமல் உண்டன. சில வாரங்கள் வளரவும் செய்தன. பின்னர் வளர்ச்சி நின்று கூட்டமாக மடிந்தன. பச்சை ஈரலைச் சிறிதளவு சேர்த்தால் பிழைத்தன. பச்சை இறைச்சியில் மட்டும் இருந்து, உலர்த்தினால் கெட்டுப்போகும் ஏதோ ஒன்றுக்கு அவர் 'எச் காரணி' என்று பெயரிட்டார். அது ஒரே பொருள் அன்று. ஃபோலிக் அமிலம், பி12 போன்ற உயிர்ச்சத்துகள் இதில் அடங்கியிருந்தன என்பது பின்னாளில் விளங்கியது. மீன் ஓர் உணவை ஏற்றுக்கொள்வது வேறு, அந்த உணவு மீனைக் காப்பது வேறு என்ற பாடத்தைப் பண்ணையாளர்கள் இப்படிப் பல முறை படிக்க நேர்ந்தது.

அப்படியானால் பச்சை மீனையே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அதிலும் ஒரு பொறி இருந்தது. 1932-இல் மினசோட்டாவில் ஒரு நரிப் பண்ணையில், பச்சைக் கெண்டை மீன் கலந்த உணவைத் தின்ற நரிகள் முடங்கி விழுந்தன. கெண்டை இன மீன்களின் உடலில் உள்ள ஒரு நொதி, தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தைச் சிதைத்துவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. வேக வைத்தால் அந்த நொதி செயலிழக்கும். இதே குறைபாடு ட்ரௌட் பண்ணைகளிலும் தலை காட்டியது. தங்க மீனும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. தொட்டியில் வேட்டை மீன் வளர்ப்போர் உயிருள்ள தங்க மீனையே மாதக்கணக்கில் இரையாகப் போடுவது மலிவான வழி போலத் தோன்றும். அது மீனைச் சிறிது சிறிதாக நலியச் செய்யும் வழி.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேறொரு தொல்லை. சால்மன் பண்ணைகளில் இறந்த சால்மனின் குடலையும் சதையையும் பச்சையாகவே குஞ்சுகளுக்கு அரைத்துப் போட்டனர். அதனால் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த கிருமி தலைமுறை தலைமுறையாகப் பரவியது. ஓரிகன் மாநிலத்தின் மீன்துறையினரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் கூடி 1950-களில் ஒரு தீர்வு கண்டனர். மீன் கழிவைச் சூடாக்கிக் கிருமி நீக்கி, உலர்ந்த மாவுகளுடன் பிசைந்து, ஈரம் காயாத மென்மையான உருண்டைகளாக்கி உறைய வைத்தார்கள். 'ஓரிகன் ஈர உருண்டை' என்று பெயர் பெற்ற இது, அடம் பிடிக்கும் மீன்களின் கதையில் ஒரு திருப்பம். வாயில் பட்டதும் கல் போல உறுத்தாமல் சதை போல நசுங்கும் முதல் தயாரிப்பு உணவுகளில் இது ஒன்று.

இதன் பயனை அலபாமாவில் மேரியன் பண்ணையைச் சேர்ந்த ஸ்னோ என்பவர் எடுத்துக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது பெரிய வாய்ப் பாஸ் மீன். ட்ரௌட்டைப் போல் எளிதில் இணங்காதது. பசித்தால் உடன்பிறப்பையே விழுங்கக் கூடியது. குளத்தில் சில செ.மீ. நீளம் வரை வளர்ந்த குஞ்சுகளைப் பிடித்து, சிறு தொட்டியில் நெருக்கமாக அடைத்து, அரைத்த மீன் சதையை நாளில் பலமுறை தூவுவார்கள். நெருக்கம் இங்கே தண்டனையன்று, உத்தி. ஒரு குஞ்சு துணிந்து கவ்வினால் பக்கத்துக் குஞ்சும் போட்டிக்குப் பாயும். துணுக்கு அடியில் விழும் முன், அசைந்து இறங்கும் அந்தச் சில நொடிகளில்தான் அது இரையாகத் தோன்றுகிறது. ஆகவேதான் சிறிது சிறிதாக, அடிக்கடி தூவ வேண்டும். சதையைப் பழகிய பின் அதில் மாவைக் கூட்டிச் சதையைக் குறைத்து, ஈர உருண்டைக்குக் கொண்டு வருவார்கள். ஓரிரு வாரத்தில் பெரும்பாலானவை பழகிவிடும். பழகாதவற்றை உடனே பிரித்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை பழகியவற்றைத் தின்று கொழுக்கும்! இந்த ஈர உருண்டையைப் பாஸ் மீனுக்குக் கொடுத்துக் கண்ட பயனை ஸ்னோ 1968-இல் வெளியிட்டார்.

மீன் கவ்விய உருண்டையை ஏன் துப்புகிறது என்ற கேள்விக்கு விடை ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து வந்தது. மேக்கி, ஆட்ரன் என்ற இருவர் டர்பட் என்னும் தட்டை மீனை ஆராய்ந்து, அதன் நாவுக்கு உகந்த பொருள் இனோசின் என்று 1978-இல் அறிவித்தனர். இது மீன் சதையில் ஆற்றல் தரும் சேர்மங்கள் சிதையும்போது உண்டாவது. கண்ணுக்கு அசைவு வேண்டும். நாவுக்குச் சதையின் சாரம் வேண்டும். வாய்க்கு மென்மை வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் உருண்டை வெளியே வந்து விழும்.

இதற்கிடையே 1960-இல் ஒரு பேரிடி. உலர்ந்த உருண்டை உண்ட வானவில் ட்ரௌட் மீன்களிடையே ஈரல் புற்றுநோய் கொள்ளை நோய் போல் தோன்றியது. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. வான்கோழிகளைக் கொன்றது நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு. அஃப்லடாக்சின் என்று பெயர் பெற்ற அதே நஞ்சுதான் ட்ரௌட் உணவில் கலந்த பருத்தி விதைப் பிண்ணாக்கிலும் இருந்தது. நூறு கோடிப் பங்கு உணவில் ஒரு சில பங்கு நஞ்சே அம்மீனுக்குப் போதுமானதாயிருந்தது. சேமிப்புக் கிடங்கில் ஈரம் தட்டிய பிண்ணாக்கு என்ன செய்யும் என்பதை நிலக்கடலை விளையும் நம் மாவட்டங்களும் மறக்கக் கூடாதல்லவா? வாஷிங்டன் மாநில ஆய்வுக் கூடத்தில் ஜான் ஹால்வர் மீனுக்கு வேண்டிய உயிர்ச்சத்துகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு வந்தார். சி உயிர்ச்சத்து இல்லாத உணவால் மீனின் முதுகெலும்பு கோணிவிடும் என்று 1969-இல் அவர் குழு காட்டியது. இன்றைய உருண்டையின் சேர்மானம் இத்தகைய கணக்குகளின் மீது நிற்கிறது.

நம் பக்கம் வருவோம். கொடுவா மீன் முகத்துவாரங்களில் வாழும் தேர்ந்த வேட்டைக்காரன். தாய்லாந்தின் சோங்க்லாவில் 1970-களின் தொடக்கத்தில் இதன் குஞ்சுகளை உண்டாக்கினர். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் முட்டுக்காட்டில் இதைச் செய்து காட்டியது. கொடுவாக் குஞ்சு முதலில் உண்பது கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர். அடுத்தது ஆர்ட்டீமியா எனும் உப்பளப் பூச்சியின் குஞ்சு. ஆர்ட்டீமியா மீனுக்கு நல்ல உணவு என்று சான்பிரான்சிஸ்கோ மீன் காட்சியகத்தின் ஆல்வின் சீல் 1933-இலேயே எழுதினார். காய்ந்த முட்டையை உப்பு நீரில் போட்டால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும் என்பதால், உயிர் இரையை டப்பாவில் சேமித்து வைக்க முடிந்தது. சில வாரங்களுக்குப் பின்னர் ஆர்ட்டீமியாவைக் குறைத்து, நுண்ணிய செயற்கை உணவைக் கூட்டுகிறார்கள். அளவில் பெரியதைப் பிரிக்கும் வேலை இங்கும் ஓயாது. தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள தம்பியையும் கொடுவா விழுங்கும்.

வீட்டுத் தொட்டியில் சிங்கமீன் வளர்ப்பவர் கையாளும் முறையும் இந்தப் பண்ணை முறையின் சுருக்கமே. முதலில் உயிர் இறால், பிறகு உருக்கிய உறைந்த இறாலை நீண்ட குச்சியின் முனையில் குத்தி அசைத்துக் காட்டுதல், மெல்ல அசைவைக் குறைத்தல், கடைசியாக இறால் சாற்றில் ஊறிய மென்மையான உருண்டை. கையால் ஊட்டுவது வேண்டாம். அதன் முட்கள் நஞ்சுள்ளவை.

இவ்வளவுக்கும் மசியாத மீன் ஒன்று சீனாவில் இருக்கிறது. மாண்டரின் மீன் என்று ஆங்கிலேயர் அழைக்கும் அந்நாட்டு ஆற்று மீன், பொரிந்து முதல் வாய் உணவு கொள்ளும்போதே வேறு மீன்களின் குஞ்சைத் தேடுகிறது. அதற்கு விலை அதிகம். ஆகவே அதற்கு இரையாக்கவென்றே வேறு மீன் குஞ்சுகளைத் தனிக் குளங்களில் வளர்த்து வந்தனர். செத்த மீனையும் பிறகு செயற்கை உணவையும் படிப்படியாகக் காட்டிப் பழக்கும் முயற்சிகளில், ஒரே தாயின் குஞ்சுகளிலேயே சில நாட்கணக்கில் கற்றுக்கொண்டன; சில பட்டினி கிடந்து மெலிந்தன. இரு வகையின் மரபணுச் செயல்பாட்டிலும் வேறுபாடு இருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். எளிதில் கற்கும் மீன்களையே பெற்றோராகத் தேர்ந்தெடுக்கும் வேலை அங்கே நடந்து வருகிறது.