அமெரிக்க வரலாறு சொல்லிக்கொடுக்கப் போறீங்களா? ஒரிஜினல் ஆவணங்கள் உங்க போனிலேயே இருக்கு!

கன்னத்தில் கைவைத்தபடி எங்கோ வெறித்துப் பார்க்கும் ஒரு தாய். தோள்களில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. 1930-களின் அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தம் பற்றி எங்கே தேடினாலும் இந்த கறுப்பு வெள்ளைப் படம் வந்து நிற்கும். பெயர், 'மைக்ரன்ட் மதர்'. 1936-ல் கலிபோர்னியாவில் இதை எடுத்தவர் டோரதியா லாங்.

சாப்பாட்டுக்காக காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதினார். அந்தக் குடும்பமோ பின்னாளில் அதை மறுத்தது. அந்தத் தாயின் பெயரை லாங் கேட்கவே இல்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற செரோக்கி பழங்குடிப் பெண் அவர் என்பது 1978-ல்தான் வெளியே தெரிந்தது.

நீங்கள் டீச்சராக இருக்கலாம். அமெரிக்காவில் படிக்கும் அக்கா பையனுக்கு வீடியோ காலில் பாடம் சொல்லும் சித்தியாக இருக்கலாம். தேடலில் முதலில் வருவதை அப்படியே எடுத்துக்கொடுத்தால், இந்த டயர் கதை மாதிரிதான் ஆகும். ஒரிஜினலைத் திறந்து, 'யார் எழுதியது, எப்போது, எதற்காக?' என்று கேட்கவைப்பதுதான் நல்ல பாடம். அதற்கு உதவும் இலவச தளங்கள் இதோ...

முதலில் ஒரு பாடப்புத்தகம்

'தி அமெரிக்கன் யாப்' - வரலாற்று ஆசிரியர்கள் பலர் சேர்ந்து எழுதிய ஆன்லைன் புத்தகம். காசு கிடையாது. ஒவ்வொரு அத்தியாயத்தோடும் படிக்கவேண்டிய மூல ஆவணங்களும் உண்டு. பாடத்தின் வரிசை பிடிபட இதிலிருந்து தொடங்குங்கள்.

லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்

1800-ல் தொடங்கிய நூலகம். கடிதம், வரைபடம், போட்டோ என கடல் மாதிரி குவிந்து கிடக்கு. நேராக 'டீச்சர்ஸ்' பகுதிக்குப் போங்க. தலைப்பு வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். பழைய செய்தித்தாள்களுக்கு 'குரோனிக்லிங் அமெரிக்கா' இருக்கு. ஊர், தேதி கொடுத்துத் தேடலாம்.

அடிமைகளாக இருந்தவர்களிடம் 1936 முதல் 1938 வரை எடுத்த 2,300-க்கும் அதிகமான நேர்காணல்களும் இங்கே இருக்கு. ஒரு எச்சரிக்கை: பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளையர்கள். நிறப் பாகுபாடு உச்சத்தில் இருந்த காலம் அது. வெள்ளைக்காரர் முன்னால் அந்தப் பெரியவர்கள் எவ்வளவு மனம் திறந்திருப்பார்கள்? இதையும் மாணவரிடம் கேளுங்க.

டாக்ஸ்டீச்

அமெரிக்க நேஷனல் ஆர்க்கைவ்ஸ் நடத்துவது. அரசு ஆவணங்களோடு ரெடிமேட் பயிற்சிகளும் இருப்பதால், நேரம் இல்லாதவர்களுக்கு வசதி.

ரீடிங் லைக் எ ஹிஸ்டாரியன்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான பாடத்திட்டம். ஒரு கேள்வி, அதற்கு ஒன்றோடொன்று முரண்படும் சில ஆவணங்கள் என்று பாடங்கள் போகும். யாரை நம்புவது என்று மாணவரே முடிவு செய்யணும்.

மேப்பிங் இனிக்வாலிட்டி

1930-களில் வீட்டுக்கடன் தருவதற்காக நகரங்களை வண்ணம் பூசிப் பிரித்த வரைபடங்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு பெரும்பாலும் சிவப்பு; அதாவது, கடன் கொடுப்பது ஆபத்து! ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் தளம் இது.

முதல் கிளாஸுக்கு ஒரு ஐடியா

1776 சுதந்திரப் பிரகடனத்தையே எடுத்துக்கோங்க. தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய வரைவு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் இருக்கு. இறுதி வடிவம் நேஷனல் ஆர்க்கைவ்ஸில். வரைவில், அடிமை வணிகத்துக்காக பிரிட்டிஷ் மன்னரைத் திட்டும் ஒரு பத்தி உண்டு. இறுதி வடிவத்தில் அது இல்லை, பிரதிநிதிகள் நீக்கிவிட்டார்கள். அதை எழுதிய ஜெஃபர்சனே வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். இரண்டையும் பக்கத்தில் வைத்து, 'ஏன் நீக்கினாங்க?' என்று மட்டும் கேட்டுப் பாருங்க. கிளாஸ் தானாக ஓடும்.

மறக்காதீங்க

* தேடும்போது தலைப்போடு 'பிரைமரி சோர்ஸ்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து டைப் பண்ணுங்க.
* படத்தை வீடியோவிலோ போஸ்டிலோ போடும் முன், அந்தப் பக்கத்தில் இருக்கும் உரிமைக் குறிப்பைப் படிங்க. நூலகத்தில் இருப்பதெல்லாம் எல்லாருக்கும் இலவசம் இல்லை.
* தலைவர் படத்தோடு வரும் பொன்மொழி கார்டுகளை, மூல ஆவணம் கிடைக்கும்வரை கிளாஸுக்குக் கொண்டுபோகாதீங்க.

தாம்ப்சனின் பெயர் உலகத்துக்குத் தெரிய 42 வருடங்கள் ஆனது. உங்க மாணவர் அடுத்த முறை ஒரு பழைய படத்தைப் பார்த்ததும், 'இவங்க யாரு?' என்று கேட்டால் போதும். பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது!